ஈமரத்துப் பழம்

புழுக்காட்டியை எந்தப் பழத்தின் மேல் வைத்தாலும் சிவப்பு விளக்கே எரிந்தது. வேடியப்பன் கிளையைத் தாழ்த்தி அடுத்த மாம்பழத்தைத் தொட்டார். அதுவும் சிவப்பு, உள்ளே புழு.

"ஈமரத்துல போயி நல்ல பழம் தேடறியேண்ணா" என்றான் தம்பி காளியப்பன். "பக்கத்து மரத்துல பறிச்சிக்கிட்டுப் போ. ரெண்டும் ஒரே செந்தூரா ஜாதிதான்."

"எம் பொண்ணு கேட்டது அவ மரத்துப் பழம்டா."

மருந்தடிப்பு ஒழிந்த பிறகு சந்தூர்த் தோப்புகளைக் காப்பவை காவற்குளவிகள்தாம். பழ ஈயின் புழுவுக்குள் குளவி முட்டையிடும். குஞ்சு அந்தப் புழுவைத் தின்றே வளரும். புழு இல்லாவிட்டால் குளவியும் இல்லை. அதனால் தோப்புக்கு ஒரு மரத்தை, தூரில் சிவப்பு வளையம் பூசி, ஈக்களுக்கென்றே விட்டுவிட வேண்டும். அந்த மரத்தில் பிறக்கும் குளவிகள் மற்ற மரங்களில் ஈயை அண்ட விடா.

மகள் மாதேஸ்வரி பிலவேந்திரனோடு ஓடிப்போன வருஷம்தான் இவர்கள் தோப்புக்குக் குளவிகள் வந்தன. எந்த மரத்தை விடுவது என்று பங்காளிகள் கேட்டார்கள். வேடியப்பன் யோசிக்கவே இல்லை. மகள் பிறந்தபோது நட்ட மரத்தைக் கைகாட்டினார். குடும்ப மானம் அதோடு மீண்டதாக நினைத்தார். அதன் பிறகு அவர் தோப்புப் பழத்தில் ஒரு சொத்தை கிடையாது, ஊரே மெச்சியது.

இப்போது அவள் கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பார்க்க வேண்டியவர்கள் வந்து பார்த்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கடைசிக் கிளையும் சிவப்பு. வேடியப்பன் பக்கத்து மரத்தில் ஒன்றைப் பறித்தார்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் மாதேஸ்வரியால் ஒரு துண்டுக்கு மேல் தின்ன முடியவில்லை.

"என் மரத்துப் பழமாப்பா?"

"ஆமாம்மா."

"அதே ருசி. நல்லாத்தான் பாத்துக்கிட்டு இருக்கீங்க." சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

அதுவரை அவரோடு ஒரு வார்த்தை பேசியிராத மருமகன் வராந்தாவில் நின்றிருந்தான். வேடியப்பன் அவன் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "அவ மரத்துப் பழம்னு நம்பிட்டா."

பிலவேந்திரன் தலை நிமிரவில்லை. "போச்சம்பள்ளி பஸ்ஸு உங்க தோப்பை ஒட்டித்தானே போவுது, மாமா. ஒவ்வொரு தடவையும் அந்தச் சிவப்பு வளையத்தைப் பாக்காம ஜன்னலை விட்டு நகர மாட்டா. 'எங்கப்பா தோப்பு பூராவும் என் மரந்தான் காக்குது'ன்னு பெருமையாச் சொல்லுவா."

வேடியப்பன் கையில் மீதிப் பழம் இருந்தது. ஒரு சொத்தை இல்லை. அதைக் காத்த குளவி எந்த மரத்தில் பிறந்தது என்று அவருக்குத் தெரியும்.