இரண்டாவது ஆணியில் ஒரு ரொட்டி

தெருவிலிருந்து வீட்டுக்குள் இறங்க மூன்று படிகள். சந்தையிலிருந்து திரும்பிய முனிஸா, இரண்டு கையிலும் முலாம்பழம் கனக்க, கண்ணை மூடிக்கொண்டும் இறங்கக்கூடிய அந்த மூன்றையும் இறங்கி, தரை வந்துவிட்டது என்று காலை வைத்தாள். தரை வரவில்லை. கால் தடுமாறி ஒரு சாண் கீழே போய் ஊன்றியது. பழம் ஒன்று உருண்டு ஓடியது.

நான்கு படிகள். திரும்பி எண்ணினாள். நான்குதான்.

புகாராவில் வீடு இறங்குவது புதுச் செய்தி இல்லை. இங்கே இடிந்ததை யாரும் அள்ளிக் கொட்டுவதில்லை. மிதித்துச் சமமாக்கி அதன் மேலேயே அடுத்ததைக் கட்டுவார்கள். படையோடு வந்தவன் எரித்த வீடும் சரி, பூமி குலுங்கிச் சரிந்த வீடும் சரி, எல்லாம் காலுக்கடியில்தான். தெரு ஏறிக்கொண்டே போகும், பழைய வீடு பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். மாமியார் மருமகளாக வந்தபோது இரண்டு படி, முனிஸா வந்தபோது மூன்று. அந்த ஒரு படிக்கு நாற்பது வருஷம் பிடித்தது. காலையில் மூன்றாக இருந்தது மத்தியானம் நான்காக ஆவது எந்த ஊர் நியாயம்?

வெயில் மண்டைக்கு ஏறிவிட்டது என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு கதவைச் சாத்திக் குறுக்குக்கட்டையைப் போட்டாள். ஐந்து மணிக்கு மகள் ஷஹ்லா பக்கத்து வீட்டு மவ்லுதா அக்காவிடமிருந்து வருவாள். ஆறு வயசுப் பெரிய மனுஷி. தனியாகவே வந்து வாசல் கதவின் மெல்லிய வளையத்தைத் தட்டுவாள். வளையம் பெண்களுக்கு. பக்கத்தில் தொங்கும் கனத்த இரும்பு ஆண்களுக்கு. சத்தத்தை வைத்தே யார் போய்த் திறப்பது என்று வீட்டுக்குள் முடிவாகிவிடும். கணவன் பஹ்ரோம் கொரியாவுக்கு வேலைக்குப் போன இந்த இரண்டு வருஷத்தில், கொத்தனாரைத் தவிர அந்த இரும்பை யாரும் தொட்டதில்லை.

கொத்தனார் எர்காஷ் உஸ்தா இன்று காலை சமையலறையில் உப்புப் பூத்த சுவரைக் கொத்தும்போது, அதற்குப் பின்னால் இன்னொரு சுவர் வந்தது. அதில் ஒரு மாடம். மாடத்துக்குள் ஆணி, ஆணியில் கயிறு, கயிற்றில் ஒரு ரொட்டி. செங்கல்லாக இறுகியிருந்தது. நடுவில் குத்தியிருந்த பூ முத்திரை இன்றைக்கு எந்த ரொட்டிக்கடையிலும் இல்லாதது. ஓரத்தில் ஒரே ஒரு கடி. பல் பதிந்த தடம்கூட அழியவில்லை.

"எவன் காலத்து ரொட்டியோ! ஊறவச்சுக் குருவிக்குப் போட்டுடும்மா," என்றார் உஸ்தா.

"கடிச்ச ரொட்டி உஸ்தா. போனவன் இன்னும் வரலைன்னுதானே அர்த்தம்? இதைக் குருவிக்குப் போட்டா அவன் எதை நம்பித் திரும்பி வருவான்?"

தூரம் போகிறவர்களின் ஊர் வழக்கப்படி, பஹ்ரோமும் வாசலில் நின்று ஒரு ரொட்டியில் ஒரு வாய் கடித்துவிட்டுத்தான் போனான். மிச்சத்தை அவன் வந்துதான் தின்ன வேண்டும். அதுவரை கூடத்துச் சுவரில் அது தொங்கும். அந்தக் கடியை விரலால் ஒரு தரம் தடவாமல் முனிஸா படுத்ததில்லை. அதனால்தான் அவளுக்கு மனசு கேட்கவில்லை. பக்கத்திலேயே இரண்டாவது ஆணி அடித்து, பழைய ரொட்டியைத் தூசி தட்டி மாட்டினாள்.

உஸ்தா சிரித்துவிட்டார். "ஒருத்தனுக்குக் காத்திருந்தே பாதி உடம்பாப் போயிட்ட. இப்ப ரெண்டு பேரா? இவன் முந்திக்கிட்டு வந்து நின்னா என்ன பண்ணுவ?"

"வந்தவனை விரட்டவா முடியும்? உட்கார வச்சுத் தேத்தண்ணி குடுப்பேன்."

இருவரும் சிரித்தார்கள். வெயில் ஏறியதும் உஸ்தா வீட்டுக்குப் போனார், அவள் சந்தைக்குப் போனாள்.

இப்போது கூடத்தில் சாப்பாட்டு விரிப்பை விரித்துப் பழத்தை அறுக்க உட்கார்ந்தாள். ஆகஸ்ட் மாதத்து மத்தியானத்தில் ஊரே கதவடைத்துத் தூங்கும், சரிதான். ஆனாலும் மவ்லுதா அக்கா வீட்டுத் தொலைக்காட்சி சுவர் வழியாக எப்போதும் முணுமுணுத்துக்கொண்டிருக்கும், அந்த முணுமுணுப்பு இன்று பக்கத்திலிருந்து வராமல் மேலேயிருந்து வந்தது, கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்தது, பிறகு எங்கோ மாடியில் யாரோ அணைத்துவிட்டது போல நின்றுபோனது. காற்றில் ஈரமண் வாசனை. அதற்கடியில் என்றோ அணைந்த சாம்பலின் வாசனை. மழை பெய்து நான்கு மாதம் ஆகியிருந்தது.

கத்தியை வைத்துவிட்டு முற்றத்துக்கு வந்தாள். மணி மூன்றுகூட ஆகவில்லை, முற்றம் மங்கியிருந்தது. நிமிர்ந்து பார்த்தாள். முசுக்கட்டை மரத்துக்கு மேலே தெரியும் சதுர வானம் ஒரு மேசைவிரிப்பு அளவுக்குச் சுருங்கியிருந்தது. கூரை விளிம்புக்கு மேலும் சுவர் ஏறிப்போயிருந்தது. அது அவள் வீட்டுச் சுவர் இல்லை. வெட்டிய மண். கறுப்பாய் ஒரு வரி சாம்பல், அதன் மேல் உடைந்த பானை ஓடுகள், அதன் மேல் செங்கல் தூள், மறுபடி சாம்பல்.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வானம் கைக்குட்டையாகியது.

வாசலுக்கு ஓடினாள். கட்டையை உருவிக் கதவை இழுத்தாள். படிகள் இல்லை. நிலைப்படியிலிருந்து மேல்சட்டம் வரை மண், கதவின் அச்சு மாறாமல். நகத்தால் பிராண்டினாள். சின்ன எலும்பு ஒன்று உதிர்ந்து விழுந்தது. கதவை அறைந்து சாத்திக் கட்டையைப் போட்டுவிட்டு, முற்றத்துக்கு வந்து தொண்டை கிழியக் கத்தினாள்.

"அக்கா! மவ்லுதா அக்கா! யாராவது இருக்கீங்களா!"

மண் சத்தத்தைக் குடித்துவிட்டது.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பிறகு கேட்டது. டங்.

கனத்த இரும்பு. ஆண்களுக்கானது. வாசல் கதவில், சற்றுமுன் மண் நிறைந்திருந்த அந்தப் பக்கத்திலிருந்து.

டங். டங்.

அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. பழைய ரொட்டியைக் கடித்துவிட்டுப் போனவனால் ஏறி வர முடியவில்லை. அவனுடைய தெரு கீழே இருக்கிறது. வீடுதான் அவனைத் தேடி இறங்கியிருக்கிறது. அவள் கூப்பிட்டதால். அவள் ஆணி அடித்ததால்.

கூடத்துக்கு ஓடி அந்தப் பழைய ரொட்டியைப் பிடுங்கினாள். காத்திருப்பது ரொட்டி இருக்கும்வரைதான். தின்று முடித்துவிட்டால்? முடித்துவிட்டால் அவனுக்கு இங்கே வேலை இல்லை. பல் ஆடும்வரை கடித்தாள். ஒரு துண்டுதான் பெயர்ந்தது. மண் ருசி. அடுத்த கடிக்கு அது அசையவே இல்லை. சுவரில் மோதினாள். தரையில் அடித்தாள். உடையவில்லை.

அப்போது மேலே, வெகு மேலே, மெல்லிய வளையத்தின் சத்தம். டிங் டிங் டிங்.

"அம்மா! கதவைத் திற!"

"ஷஹ்லா! இங்கடி! கீழ இருக்கேன்டி!"

டிங் டிங். கதவு இங்கே இருக்கிறது, வளையம் அங்கே அடிக்கிறது. பிறகு ஏதோ திறக்கும் சத்தம், இரண்டு ஜோடிக் காலடிகள், மவ்லுதா அக்காவின் குரல்.

"அழாதடி தங்கம். அம்மா ஊருக்குப் போயிருக்கா. அங்க பாரு, ரெண்டாவது ஆணியில ரொட்டி கடிச்சு வச்சிட்டுத்தான் போயிருக்கா. வந்து தின்னுவா."

"எப்ப வருவா?"

"வருவா. வா, நம்ம வீட்டுக்குப் போகலாம்."

முனிஸா கையிலிருந்த ரொட்டியைப் பார்த்தாள். பழைய கடிக்குப் பக்கத்தில் அவளுடைய கடி. புதுசாய். ஈரமாய்.

காலடிகள் நகர்ந்தன. கதவு சாத்திக்கொண்டது. கைக்குட்டை வானமும் போனது.

டங்.

குறுக்குக்கட்டை தானாக மேலே எழும்பியது. கதவு திறந்தது. மண் இல்லை. சாம்பல் நிற வெளிச்சத்தில் ஒரு தெரு, இருபுறமும் வாசல்கள், ஒவ்வொரு வாசலிலும் இரும்பைப் பிடித்தபடி ஒருவர். அவளுடைய நிலைப்படியில் நின்றவன் தலை குனிந்து உள்ளே வந்தான். வாய் நிறைய இருந்தது. என்றைக்கோ கடித்த அந்த முதல் வாயை அவன் இன்னும் மென்றுகொண்டிருந்தான். விரிப்பின் அருகே உட்கார்ந்து, தேநீருக்காகக் கையை நீட்டினான்.

அவள் அலற வாயைத் திறக்கப் பார்த்தாள். திறக்கவில்லை. பல்லுக்கிடையில் அந்த ஒரு துண்டு ரொட்டி, கரையாமல், விழுங்க முடியாமல். அவளுடைய தாடை மெல்லத் தொடங்கியது.