மேபல் போட்ட பதியன்

அக்டோபர் மாத மாலை ஒன்றில், செத்துப்போன பக்கத்து வீட்டுக்காரியின் தோட்டத்துக்குள் டெஸ்மண்ட் டிரான்டர் சின்ன மண்வெட்டியும் சாக்குப்பையுமாக நுழைந்தார். யாராவது கேட்டால் சொல்வதற்குப் பதில் தயாராக இருந்தது: கூரைத் தண்ணீர்க் குழாயில் இலை அடைத்திருக்கிறதா என்று பார்க்க வந்தேன். கேட்பதற்குத்தான் ஆள் இல்லை. மேபல் பெப் அந்த வசந்தத்தில் போய்ச் சேர்ந்திருந்தாள். வீடு விற்பனைக்கு நின்றது. கனடாவிலிருக்கும் அவளுடைய தங்கை மகன் சாவியை டெஸ்மண்டிடம் ஒப்படைத்திருந்தான். ஸ்டோக் கார்ட்லி தோட்டக் கழகத்தின் தலைவரைவிட நம்பகமான ஆள் அந்த ஊரில் வேறு யார்?

மேபலின் செங்கல் சுவர் பற்றி எரிந்துகொண்டிருந்தது.

தீ அல்ல, கொடிதான். திராட்சை இனம். பழம் வாயில் வைக்க விளங்காது. இலைக்காக மட்டுமே வளர்ப்பது. சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு இலைகள், கருஞ்சிவப்பும் செம்புமாக, கூரை வரை. தண்ணீர் ஊற்ற ஆளில்லாத வீட்டில், பார்க்க ஆளில்லாத தோட்டத்தில், இப்படி ஓர் அலங்காரம். டெஸ்மண்டுக்கு வயிறு எரிந்தது.

அவர் சுவரிலும் கொடி உண்டு. கோழி எருவும் கடை உரமும் போட்டு ஊட்டி வளர்த்தது. அது உறைபனி விழும் வரை கோஸ் போலப் பச்சையாக இருந்துவிட்டு, ஒரே நாளில் கறுத்துக் கொட்டிவிடும். அதற்கு 'நிதானமான நிறம்' என்று கழகக் கூட்டத்தில் பெயர் வைத்திருந்தார். உறுப்பினர்கள் பிஸ்கட்டை மென்றபடி தலையாட்டினார்கள். இலையுதிர்காலக் கோப்பையை மட்டும் வருஷா வருஷம் மேபலுக்குக் கொடுத்தார்கள்.

கோப்பை போனால் போகிறது. நடுவர்களுக்குக் கண் சரியில்லை என்று சொல்லித் தேற்றிக்கொள்ளலாம். ஈனிட்டின் கண்ணை என்ன செய்வது?

ஈனிட் அவருடைய மனைவி. தினமும் மாலையில் சமையலறை ஜன்னலருகே டீயோடு உட்காருவாள். மேபலின் சுவரைப் பார்த்து, "எவ்ளோ அழகு!" என்று ஒரு பெருமூச்சு விடுவாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படி ஒரு பெருமூச்சு டெஸ்மண்டுக்கோ அவர் நட்ட எதற்குமோ கிடைத்ததில்லை. அதே ஜன்னலிலிருந்து அவர் சுவரும் தெரியும். கழுத்தைக் கொஞ்சம் திருப்பினால் போதும். அவள் திருப்பியதே இல்லை.

மேபலுக்கு இது தெரிந்திருந்தது. இறப்பதற்கு முந்தைய இலையுதிர்காலத்தில், மென்த்தால் மிட்டாயைக் கன்னத்தில் அதக்கிக்கொண்டு, மதிலுக்கு மேலே தலையை நீட்டினாள்.

"தலைவரே! உன் கொடிக்கு விருந்து வைக்கிறத நிறுத்து. பட்டினி போடு. அப்பதான் கொஞ்சமாவது வெட்கப்பட்டுச் சிவக்கும்."

"என் கொடி நல்லாத்தான் இருக்கு, மேபல்."

"ஆமா, சாலட் பண்ணலாம். சரி, கேளு. உனக்குன்னு ஒரு பதியன் போட்டு வச்சிருக்கேன். ஒரு கிளைய வளைச்சு மண்ணுல குத்தியிருக்கேன். வேர் விட்டதும் தாய்க்கொடியிலேருந்து வெட்டி எடுத்துக்க. நன்றி மட்டும் சொல்லிடாத."

அந்த ஊர்ப்பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி இது. செடி வாங்கினால் நன்றி சொல்லக் கூடாது, சொன்னால் வேர் பிடிக்காது. மேபல் மிட்டாயை அடுத்த கன்னத்துக்குத் தள்ளிவிட்டு இன்னும் கொஞ்சம் சேர்த்தாள்: "அப்படியே பிடிச்சாலும் அது உன்னுதா இருக்காது. என்னுதாவே இருக்கும்."

"எனக்கு யார் செடியும் வேண்டாம்" என்று சொல்லி உள்ளே போய்விட்டார் தலைவர். உயிரோடு இருந்தவள் கொடுத்தபோது வாங்க விடாத மானம், செத்தவள் வீட்டில் திருட மட்டும் தடையாக இல்லை.

சுவரடியில் இலைகளை விலக்கினார். இருந்தது. வளைத்த கிளை, அதை மண்ணோடு சேர்த்துக் குத்திய ஓர் இரும்புக் கொண்டை ஊசி. மேபலின் நரைத்த கொண்டையில் அப்படி ஒரு கொத்து ஊசிகள் எப்போதும் துருத்திக்கொண்டிருக்கும். ஊசியைப் பிடுங்கி எறிந்தார். செடிக் கத்தரியால் கிளையை வெட்டினார். வேரோடு தோண்டிச் சாக்கில் போட்டார். மனம் நிறைந்துவிட்டது. வாயோ ஆயுள் முழுக்க நன்றியுரை சொல்லிப் பழகிய வாய். சுவரைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கி, கிண்டலாகத்தான், சொன்னார்:

"நன்றி, மேபல்."

கிளிக்.

கத்தரி மூடும் சத்தம்.

அவருடைய கத்தரி அவர் சட்டைப்பையில் இருந்தது. காற்றில் லேசாக மென்த்தால் வாசனை. சாக்கைத் தூக்கிக்கொண்டு, தலைவருக்குப் பொருந்தாத வேகத்தில் வீடு வந்து சேர்ந்தார்.

"எங்க வாங்கின?" என்றாள் ஈனிட்.

"நர்சரியில."

ஈனிட் அவர் முழங்காலில் அப்பியிருந்த சிவப்பு மண்ணைப் பார்த்தாள்.

பழைய கொடியை வேரோடு பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் பதியனை நட்டார். உரம் போடவில்லை. செத்தவளின் யோசனையையும் சேர்த்தே திருடியிருந்தார். வசந்தத்தில் மேபலின் கொடி துளிர்க்கவில்லை. சுள்ளியாகக் காய்ந்து சுவரில் தொங்கியது. டெஸ்மண்டின் பதியனோ, எந்தப் பதியனும் வளராத வேகத்தில் வளர்ந்தது. கோடை முடிவதற்குள் கூரையைத் தொட்டது. பிறகு சிவக்கத் தொடங்கியது. மேலேயிருந்து அல்ல, வெயில் படும் பக்கத்திலிருந்தும் அல்ல. சமையலறை ஜன்னலிலிருந்து பார்வை படும் இடத்தில், ஓர் ஆள் உயரத்துக்கு மட்டும் முதலில் சிவந்தது.

கோப்பை கிடைத்தது. தலைவரே தலைவருக்குப் பாராட்டுரை வாசித்து, மேசை நாற்காலி வரைக்கும் நன்றி சொல்லி முடித்தார். வீட்டுக்கு வந்தால் அதைவிடப் பெரிய பரிசு காத்திருந்தது. ஈனிட் நாற்காலியைத் திருப்பிப் போட்டிருந்தாள். அவருடைய சுவரைப் பார்த்து!

"எவ்ளோ அழகு!" என்று பெருமூச்சு விட்டாள்.

டெஸ்மண்ட் கோப்பையோடு வாசலிலேயே நின்றார். அப்போது ஈனிட் சிரித்தாள். யாரோ பதில் சொன்னதற்குச் சிரிப்பதுபோல.

"இல்லடி, அவனுக்குத் தெரியாது" என்றாள் தணிந்த குரலில்.

"யார்கிட்ட பேசற?"

"யார்கிட்டயும் இல்ல. டீ ஆறிப்போச்சு, வேற போடறேன்."

அன்றிலிருந்து அவள் அந்த நாற்காலியை விட்டு எழுவது குறைந்தது. கூப்பிட்டால் இரண்டாம் தடவைதான் திரும்பினாள். மாலையில் தொடங்கியது காலையிலும் தொடர்ந்தது. தன் சுவரைப் பார் பார் என்று ஏங்கிய மனிதர், இப்போது தன் சுவரைப் பார்த்தே புழுங்கினார். ஊரில் பொறாமைப்பட ஆயிரம் பேர் இருக்க, சொந்தச் செடிமேல் பொறாமைப்பட்ட ஒரே தலைவர் அவராகத்தான் இருக்கும்.

ஒருநாள் மாலை, மூடுபனி மதிலேறி வந்த நேரம், கத்தரியோடு வெளியே போனார். அடியோடு வெட்டிவிடுவது என்று முடிவு.

சுவரடியில் குனிந்தவர் அப்படியே நின்றார்.

கொடியிலிருந்து ஒரு கிளை இறங்கி, தரையோடு தரையாக ஓடியிருந்தது. சமையலறை வாசலை நோக்கி. அங்கங்கே அதை மண்ணோடு சேர்த்துக் குத்தியிருந்தது.

கொண்டை ஊசி.

பிடுங்கினார். அடுத்து ஒன்று. அதற்கடுத்தும். பிடுங்கப் பிடுங்கப் பையில் போட்டுக்கொண்டே முழங்காலால் நகர்ந்தார். ஈர மண் வாசனை. அதற்கு மேலே மென்த்தால்.

கிளிக்.

முதுகுக்குப் பின்னால்.

கிளிக்.

நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தார். விளக்கொளியில் ஈனிட் அவர் பக்கம் பார்த்துக் கையசைத்தாள். உயிர் வந்தது. அவரும் கையசைத்தார்.

அவள் பார்வை அவர்மேல் இல்லை. அவர் தோளுக்குக் கொஞ்சம் மேலே இருந்தது.

திரும்பிப் பார்க்கவில்லை அவர். எழுந்து, விழுந்து, கதவைத் திறந்து சமையலறைக்குள் வந்து தாழிட்டார். மூச்சு இரைத்தது.

ஈனிட் ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"நீ நன்றி சொன்னியாமே, டெஸ்மண்ட்?"

பதியனைத் தோண்டிய அன்று மேபலின் தோட்டத்தில் அவரைத் தவிர யாருமே இல்லை. அவர் யாரிடமும் சொன்னதும் இல்லை.

"யார்... யார் சொன்னது?"

ஈனிட் தலையைச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டாள். பிறகு தலையாட்டினாள்.

"ஊசியெல்லாம் நீ ஏன் பிடுங்கினேன்னு கேக்கறா. இன்னும் சரியா வேர் விடலையாம்."

டெஸ்மண்ட் பைக்குள் கைவிட்டார். பிடுங்கிப் போட்ட ஊசிகள் ஒன்றுகூட இல்லை. விரல்களில் ஈர மண் மட்டும் ஒட்டியது.

"ஈனிட், எழுந்திரு. உங்க அக்கா வீட்டுக்குப் போயிடலாம். இப்பவே."

"எப்படி எழுந்திருக்க?" என்றாள் ஈனிட். பயமில்லாத, கொஞ்சம் சலித்துக்கொண்ட குரல்.

அவர் கீழே பார்த்தார். கதவடியிலிருந்து ஒரு சிவந்த தளிர் தரைவிரிப்பின் மேல் ஓடி வந்து, அவள் நாற்காலிக்கு அடியில் நுழைந்திருந்தது. அவளுடைய பாவாடை விளிம்பு நெடுக, விரிப்போடு சேர்த்து, வரிசையாகக் கொண்டை ஊசிகள் குத்தியிருந்தன.

பிடுங்குவதற்காக அவர் மண்டியிட்டார்.

தாழிட்ட கதவுக்கு இந்தப் பக்கம், அவர் காதருகே, ஒரு கத்தரி மெல்ல வாய் திறந்தது. மூடவில்லை.

வேர் விடட்டும் என்று காத்திருந்தது.