ரஜீவுக்கு வைத்த விளக்கு

நமுனுகுல மலையிலிருந்து இறங்கிய மூடுபனி, ஸ்பிரிங்வெளித் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தைப் பட்டப்பகலிலேயே பாதி விழுங்கியிருந்தது. பதுளைக் கடைவீதியில் கணினி பழுதுபார்க்கும் தயாபரன் பேருந்திலிருந்து இறங்கி, ஈரப் படிகளில் ஏறி, கடைக்கோடிக் காம்பராவின், அந்த அறைவீட்டின் வாசலில் செருப்பைக் கழற்றினான்.

அந்த வீட்டுப் பெண் யசோதினியின் மடிக்கணினி அவனை இருமுறை ஏமாற்றியிருந்தது. கடையில் ஒழுங்காகச் சார்ஜ் ஏறும். அவள் வீட்டில் ஏறாது. அன்று மாலை நான்கு மணிக்குள் அவள் தன் ஆய்வேட்டைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியாக வேண்டும். தவறினால் பட்டம் இல்லை. கடைசிப் பக்கங்களைத் திருத்திக்கொண்டிருந்தபோது அது அணைந்துபோயிற்று. சாவு விழுந்த வீட்டை விட்டு அவள் வெளியேறவும் கூடாது.

"கடையில சோறு திங்குது, வீட்டுக்கு வந்தா விரதம் இருக்கு. ஒங்க வீட்டுச் சாமி பொல்லாத சாமி போல, தங்கச்சி."

"வெளையாடாதீங்கண்ணே. நாலு மணிக்கு மேல எடுக்க மாட்டாங்க."

சார்ஜரை அளந்தான், குறையில்லை. பேட்டரியைக் கழற்றி, முனைகளைத் துடைத்து மாட்டினான். மின்சாரம் வந்துகொண்டிருப்பதாகவும் சார்ஜ் ஏறவில்லை என்றும் திரை காட்டியது. சுவர் பிளக்கில் மீட்டரை வைத்தான். சார்ஜரைச் செருகிய மறுகணம் மின்னழுத்தம் பாதிக்குக் கீழே சரிந்தது.

"எதுவோ கரண்டக் குடிக்குது," என்றான்.

லயத்தின் இடைச்சுவர்கள் கூரைவரை எழுவதில்லை. பிளக்கிலிருந்து கிளம்பிய வயர் அச்சுவரைத் தாண்டி அடுத்த காம்பராவில் இறங்கியது. தயாபரன் அதைத் தொடர்ந்து போனான்.

அங்கே வாடிய மாலையணிந்த ஒரு படம். அதன் முன் சிறு சிவப்பு மின்குமிழ்.

அவளுடைய அண்ணன் ரஜீவ். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் மலையில், குடித்திருந்த கூட்டாளி ஒருவன் தேயிலை வெட்டும் கத்தியை அவன்மீது வீசினான். தடுக்க நீட்டிய இடக்கை முதலில் துண்டானது, பிறகு கழுத்து. துர்மரணம் எய்தியவனுக்குக் கருமாதிவரை விளக்கு அணையலாகாது. அந்த ஒளியே அவனுக்கு வழியும் வேலியும். எண்ணெய்த் திரியை மலைக்காற்று விட்டுவைக்காததால் தந்தை வீரய்யா மின்குமிழைப் பொருத்தியிருந்தார். மறுநாள் கருமாதி. அதற்கான சாமான் வாங்க அவர் பதுளைக்குப் போயிருந்தார்.

"இத்தனூண்டு பல்பு இவ்வளவு இழுக்காதே." தயாபரன் வயரைத் தொட்டான். காய்ச்சல்காரனின் மணிக்கட்டைப் போல அது சுட்டது.

"தொடாதீங்கண்ணே. அப்பா கொன்னு போட்டுருவாரு."

"அனுப்புன ஒடனே மாட்டிடறேன். இல்லன்னா இன்னைக்கு இது எந்திரிக்காது."

அவள் அண்ணனின் படத்தைப் பார்த்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள்.

"சீக்கிரம்," என்றாள்.

அவன் முதல் காம்பராவுக்குத் திரும்பி, பிளக்கிலிருந்து வயரை உருவினான். குமிழ் அணைந்தது.

சார்ஜ் ஏறத் தொடங்கியது. யசோதினி பாய்ந்து அமர்ந்து ஆய்வேட்டை அனுப்பலானாள். பச்சைக்கோடு திரையில் மெல்ல நகர்ந்தது. ஆனால் பேட்டரியின் எண் ஓடியது. ஒன்பது. இருபது. நாற்பது.

"இப்பிடி ஏறுனா வெடிச்சுரும்!" தயாபரன் சார்ஜரைப் பிடுங்கினான்.

ஐம்பது.

கணினியைத் தூக்கி, அடியிலிருந்த பேட்டரியையே இழுத்தெடுத்தான். அது அவன் கையில் இருந்தது.

திரை அணையவில்லை. அறுபது.

அப்போது வாசனை வந்தது. புதிதாய் வெட்டிய தேயிலைக் கிளைகளின் பச்சை மணம்; அதனடியில், இரும்பின் துவர்ப்போடு குருதி நாற்றம்.

சரக்.

அடுத்த காம்பராவில், கிளை அறுபடும் ஓசை.

சரக். சரக்.

சுவரின் உச்சிக்கும் தகரக் கூரைக்கும் இடையிலிருந்த இருளை ஐந்து விரல்கள் பற்றின. வெறும் கை. முழங்கைக்கு அப்பால் ஒன்றுமில்லை.

"முருகா..."

அது விழுந்தது. தயாபரனின் இடது மணிக்கட்டைக் கவ்வி, எலும்பு நெரிய முறுக்கி, சுவரோடு அறைந்தது. அவன் நெற்றி பிளந்து கண்ணில் குருதி இறங்கியது. ரஜீவை வெட்டிய கத்தி காவல்நிலையத்தில் இருந்தது. வெட்டு இங்கே விழுந்தது.

சிறுவிரல் தரையில் உருண்டது.

"பல்ப மாட்டு!" அவன் அலறினான். "தங்கச்சி, பல்ப மாட்டு!"

யசோதினி வயரின் முனையைக் கையில் எடுத்துவிட்டாள். விளக்கு எரிந்தால் கணினி அணைந்துவிடும் என்று அவள் பயந்தாள். பச்சைக்கோடு முடிய நூலளவே இருந்தது.

அவள் மாட்டவில்லை.

"கொஞ்சம் பொறுத்துக்கங்க... அண்ணே, கொஞ்சம்..."

அடுத்த வெட்டு மோதிர விரலைக் கொண்டுபோனது. வாள்பட்ட வாழைத்தண்டென அவன் சரிந்தான். கழுத்தில் ஈரமான விளிம்பு ஒன்று, இடம் பார்ப்பதுபோல், மெல்லப் படிந்தது.

திரையில் 'பெறப்பட்டது' என்ற சொல் தோன்றியது.

அவள் வயரைச் செருகினாள். குமிழ் எரிந்தது. கழுத்திலிருந்த விளிம்பு விலகியது.

பதுளை ஆஸ்பத்திரியில் தயாபரன், இயந்திரம் வெட்டியதாகச் சொன்னான். மறுநாள் கருமாதி முறைப்படி நடந்தது. பிண்டத்தை ஆற்றில் விட்டு, வீரய்யா குமிழைக் கழற்றிப் புதைத்தார்.

சில வாரங்கள் கழிந்த ஒரு வெயில் காலையில் யசோதினி கடைக்கு வந்தாள். அரிசிப் பையில் எதையோ மார்போடு அணைத்திருந்தாள்.

தயாபரன் கட்டுப்போட்ட கையை மேசைமேல் வைத்தான். "ரெண்டு வெரலுக்கு எவ்வளவு மார்க்கு போட்டாங்க, தங்கச்சி?"

அவள் அழவில்லை. பைக்குள்ளிருந்து மடிக்கணினியை எடுத்துத் திறந்தாள். திரை ஒளிர்ந்தது. அடியில் பேட்டரி இருந்த இடம் வெறும் குழி. அந்தப் பேட்டரி அன்றுமுதல் அவனுடைய தோள்பையிலேயே கிடந்தது.

"அன்னைலருந்து அணையவே இல்லண்ணே. நேத்துவரைக்கும் நூறுலயே நின்னுச்சு." அவள் குரல் தாழ்ந்தது. "அப்பா பொதைச்சது வெறும் பல்பு. அண்ணனுக்கு இப்ப இதுதான் வெளக்கு. இது அணைஞ்சா மறுபடி வந்துரும்."

"அணையலைன்னா விடு. ஏன் இங்க கொண்டாந்த?"

அவள் எண்ணைச் சுட்டினாள்.

தொண்ணூற்றொன்பது.

தயாபரன் எழுந்த வேகத்தில் நாற்காலி கவிழ்ந்தது. அலமாரியிலிருந்த சார்ஜர்களை ஒவ்வொன்றாய்ச் செருகினான். பேட்டரியை எடுத்துக் குழிக்குள் அழுத்தினான். கடையின் மின்சாரத்தில் குறையேதும் இல்லை; மீட்டர் முழு அளவைக் காட்டியது.

திரையில் பழைய அறிவிப்பு வந்தது. மின்சாரம் வருகிறது, சார்ஜ் ஏறவில்லை.

ஆறிவந்த காயத்தின்மேல் அவன் கைக்கட்டு சிவந்து நனையத் தொடங்கியது. கடையின் பின்கட்டில், தேயிலைச் செடி ஒன்றுகூட இல்லாத அந்தச் சீமெந்து முற்றத்தில், கிளை அறுபடும் ஓசை கேட்டது.

தொண்ணூற்றெட்டு.