பொன்னியம்மாவின் கூழில் விஷமா?

ஆடி வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி. திருமுல்லைவாயில் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில், தன்னுடைய ஆம்னி வேனுக்குள் உத்தமன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். பக்கத்து சீட்டில் பாதி குடித்த கூழ்ச் சொம்பு.

பன்னிரண்டு மணிக்கு அவன் ஆஸ்பத்திரியில் இருந்தான். கூழ் விற்ற பொன்னியம்மா போலீஸ் ஸ்டேஷனில் இருந்தாள். சப்-இன்ஸ்பெக்டர் செங்கல்வராயனின் மதியச் சாப்பாடு எங்கே இருந்தது என்பது மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

"சாயந்திரத்துக்குள்ள அந்தப் பொம்பளைய ரிமாண்ட் பண்ணிடுங்க" என்று இன்ஸ்பெக்டர் போனில் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். உத்தமனின் தாய் கெங்கம்மாள் ஸ்டேஷன் வாசலில் நின்று, கூழ்க்கடையைக் கொளுத்தாமல் விடமாட்டேன் என்று தெருவுக்கே அறிவித்துக்கொண்டிருந்தாள்.

செங்கல்வராயன் இருபது வருஷ சர்வீஸில் தானாகத் துப்புத் துலக்கிப் பிடித்தது ஒரே ஒரு சைக்கிள் திருடனை. அதுவும் அவன் ஓட்டிப்போன சைக்கிளில் செயின் கழன்றதால். இதை அவரே எல்லோரிடமும் சொல்லுவார். மற்றவர்கள் சொல்லிக் கேட்பதற்கு அது மேல்.

"இன்னாம்மா கலந்தே கூழுல?"

"உப்பு, மோரு, வெங்காயம்."

"வேற?"

"சாபம்" என்றாள் பொன்னியம்மா.

"இன்னாது?"

"நேத்து அவன் வேன் போட்ட சத்தத்துல என் சொம்பெல்லாம் தானா நவுந்து கீய வுழுந்துச்சு சார். 'உன் நெஞ்சு வெடிக்க'ன்னு மண்ணை வாரி வுட்டேன். இன்னிக்கி வெடிச்சிடுச்சி. நான்தான் பண்ணேன். எய்திக்கோ."

செங்கல்வராயன் தலையில் கைவைத்துக்கொண்டார். முதல் முறையாக ஒரு ஆள் அடிக்காமலே குற்றத்தை ஒப்புக்கொள்கிறது. ஆனால் சாபத்துக்குச் சட்டத்தில் இடமில்லை.

"வேற யார்னா அந்தக் கூழைக் குடிச்சாங்களா?"

"அதே பானைதான். கேட்டுல நின்ன எல்லாரும் குடிச்சாங்க. உங்க ஸ்டேஷன் ஏட்டும் குடிச்சாரு, காசு குடுக்கல."

மூலையில் நின்ற ஏட்டு கூரையைப் பார்த்தார். நல்ல ஆரோக்கியமாகவே பார்த்தார்.

ஒரு மணிக்கு செங்கல்வராயன் வேனைத் திறந்து பார்த்தார். கண்ணாடிகள் எல்லாம் இறுக்கமாக ஏற்றப்பட்டிருந்தன. ஆடி வெயிலில் இப்படியா உட்காருவான்? டிரைவர் பின்னால் பார்ப்பதற்காக மேலே ஒட்டியிருந்த சின்னக் கண்ணாடி கழன்று தரையில் கிடந்தது. டேஷ்போர்டில் இருந்த மாங்காட்டு அம்மன் படம் குப்புற விழுந்திருந்தது. சீட்டுக்குப் பின்னால் தட்டு முழுக்கப் புழுதி. நடுவில் மட்டும் ஒரு பெட்டி அளவுக்குத் துடைத்தமாதிரி சுத்தம். அதன் நான்கு மூலையிலும் புது ஸ்க்ரூ ஓட்டைகள். பக்கத்தில் இரண்டு ஒயர்கள், செம்பு பளபளக்க, வெட்டப்பட்டுத் தொங்கின.

திருட்டும் சேர்ந்துகொண்டது என்று நினைத்தார். ஒரு கேஸே உருப்படவில்லை, இதில் இலவச இணைப்பு வேறு.

கேட்டுக்கு அந்தப் பக்கம் குணசேகரனின் கடை. கார் டேப் ரெக்கார்டர், ஸ்பீக்கர் மாட்டுகிறவன். உத்தமனின் உயிர்த் தோழன். காலையில் அவனை ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவனும், கூழ் குடித்துத்தான் விழுந்தான் என்று போலீசிடம் சொன்னவனும் இவன்தான்.

"நீ எங்கடா இருந்தே?"

"இன்னா சார்?"

"எங்க இருந்தேன்னு கேட்டேன்!"

"கடையிலதான் சார்!" குணசேகரன் கத்தினான். "அவன் 'அம்மா'ன்னு வேனுக்குள்ள அலறுனான். சத்தம் கேட்டு ஓடுனேன்!"

"ஏன்டா கத்தறே? நான் இன்னா ஆவடியிலயா நிக்கிறேன்?"

"இன்னா சார்?"

அவன் முழங்கைக்குப் பக்கத்திலேயே டெலிபோன் அடித்தது. அடித்து அடித்து ஓய்ந்தது. குணசேகரன் திரும்பவே இல்லை. மாமியார் போன் போலிருக்கிறது என்று செங்கல்வராயன் அனுதாபப்பட்டார். அவருக்கும் மாமியார் உண்டு.

மூன்று மணி. ஆஸ்பத்திரியில் டாக்டர் பத்மா எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"விஷமா? யார் சொன்னது? வாந்தி இல்ல, நுரை இல்ல. இதோ, வலது நுரையீரல் ஓட்டை விழுந்து சுருங்கியிருக்கு. அதுக்கு வெளியில, நெஞ்சுக்கூட்டுக்குள்ள காத்து சேர்ந்துடுச்சு. ட்யூப் போட்டிருக்கோம், பிழைச்சுக்குவான்."

"எதனால டாக்டர்?"

"இவனை மாதிரி ஒல்லியா, நெட்டையா இருக்கிறவங்களுக்குச் சும்மாவே வரும். பெரிய ஸ்பீக்கர் பக்கத்துல நின்னு வந்ததாவும் டாக்டருங்க சந்தேகப்பட்டிருக்காங்க. சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது."

"விழும்போது 'அம்மா'ன்னு அலறியிருப்பானா?"

"மூச்சே விட முடியாதவன் எங்கே அலறுவான்?"

செங்கல்வராயன் ஜீப்புக்கு ஓடினார். அந்த டெலிபோன் அவர் மண்டைக்குள் இப்போதுதான் அடித்தது.

நான்கு மணிக்கு ஸ்டேஷன் பெஞ்சில் குணசேகரனைச் சுவரைப் பார்க்க உட்கார வைத்தார். இந்தப் பக்கம் பொன்னியம்மா, அந்தப் பக்கம் கெங்கம்மாள், நடுவே பாதுகாப்புக்கு ஏட்டு. செங்கல்வராயன் குணசேகரனின் முதுகுக்குப் பின்னால் நின்று, சாதாரணக் குரலில் சொன்னார்:

"உத்தமன் கண் முழிச்சிட்டான்."

கெங்கம்மாள் எழுந்துவிட்டாள். பொன்னியம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். உயிர்த் தோழன் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாத்தீங்களா? இவனுக்குக் காது அடைச்சிருக்கு. பக்கத்துல அடிக்கிற போன் கேக்காதவனுக்குத் தண்டவாளத்துக்கு அந்தாண்ட அலறுனது கேட்டுச்சாம். அலற அவனால முடியவும் முடியாது. இவன் கடையில இல்ல. அதே வேனுக்குள்ள, அதே சத்தத்துல இருந்தான். கண்ணாடி கழண்டு வுழுற சத்தம். அம்மனே குப்புற வுழுற சத்தம். சீட்டுக்குப் பின்னாடி இருந்தது நேத்து புதுசா மாட்டுன பேஸ் ஸ்பீக்கர் பெட்டி. ஆஸ்பத்திரியில சேத்துட்டு வந்து அதை அறுத்து எடுத்து ஒளிச்சதும் இவன்தான்."

பிறகு முன்னால் வந்து, குனிந்து, குணசேகரனின் காதில் கத்தினார்: "பெட்டி எங்கடா?"

குணசேகரன் உடைந்து அழுதான்.

"ஊட்ல கீது சார்! பேஸுன்னா காதுல கேக்கக் கூடாது, நெஞ்சுல இடிக்கணும்! கஸ்டமரு நெஞ்சைப் பொட்டி மேல சாச்சி 'ஓகே' சொன்னாத்தான் நாங்க டெலிவரி குடுப்போம்! கூழு குடிச்சிக்கினே இருந்தவன், கண்ணாடிய ஏத்திட்டு பின்னால போய் சாஞ்சான். 'இன்னும் வை மச்சான், இன்னும் வை'ன்னான். ரயிலு போற சத்தத்துல வெளிய யாருக்கும் கேக்கல, வெச்சேன். முன்சீட்டுக்கு வந்து அப்படியே சரிஞ்சான். என் கையாலயே செத்துப் பூட்டானோன்னு பயந்துட்டேன் சார்!"

"அதுக்கு ஒரு அப்பாவி பொம்பளைய மாட்டி வுடுவியா?"

"இன்னா சார்?"

பொன்னியம்மா அப்போதும் எழவில்லை. "அப்ப என் சாபம்?"

"பலிக்கல. நீ போம்மா."

"பெட்டி மேல எந்த செக்‌ஷன்ல கேஸ் போடறது சார்?" என்று ஏட்டு கேட்டார். செங்கல்வராயன் போனைக் கையில் எடுத்தார். போனில் இன்ஸ்பெக்டரிடம் ரிமாண்ட் வேண்டாம் என்று புரியவைக்க அவருக்கு அரைமணி நேரம் ஆனது. அதில் பாதி நேரம் இன்ஸ்பெக்டர் சிரித்தார்.

வெளியே கெங்கம்மாள் குணசேகரனைப் பிடித்துக்கொண்டாள். அவன் குலம், கடை, ஸ்க்ரூ டிரைவர் எதையும் விடாமல் மூச்சுப் பிடித்துத் திட்டி முடித்தாள்.

"இன்னா அத்தே?" என்றான் அவன், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

கெங்கம்மாள் முதலிலிருந்து ஆரம்பித்தாள். பாதியில் குரல் கம்மிவிட்டது. காலையிலிருந்து கூழ்க்காரியைத் திட்டித் தீர்த்த தொண்டை. பொன்னியம்மா படியிறங்கி வந்தாள். ஒரு வினாடி இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நீ குந்துக்கா" என்று அவளைப் படியில் உட்கார வைத்துவிட்டு, மீதித் திட்டை பொன்னியம்மா எடுத்துக்கொண்டாள்.