ஆறாவது எலும்பு

அப்புத்தளை ஸ்டேஷனில் தூறல் சட்டென்று மழையானது. பழுப்பு உறையை மார்போடு அணைத்தபடி ஓடிவந்த மீனாம்பாள், எதிரே வந்தவன்மேல் மோதினாள். உறை கீழே விழுந்தது. அவன் பதறிக் குடையை நீட்டினான்... அவளுக்கல்ல, உறைக்கு.

"நல்ல ஆளுங்க நீங்க. மனுசி நனையிறேன், காகிதத்துக்குக் குடையா?"

"மனுசி காஞ்சிருவீங்க. எக்ஸ்ரே படம் நனைஞ்சா வீணாப்போயிரும்ங்க."

உறையைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டானே... நிமிர்ந்தாள். மழைத்துளி தொங்கும் இமைகள், அவற்றுக்குள் சிரிக்கிற கண்கள். பதுளை ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் சின்னராசா என்று அவன் சொன்னபோது, தன் பார்வையை எங்கே வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை.

பதுளை ரயில் வந்தது. துணைக்கு வந்த சித்தி, உட்கார்ந்த மறு நிமிஷமே தன் பொறுப்பைக் குறட்டையிடம் ஒப்படைத்தாள். மீனாம்பாள் தன் கதையைச் சொன்னாள்.

தேயிலைக் கொழுந்துக் கூடையோடு மலையேறும் முதுகில் இரண்டு வருஷமாய் வலி. அப்பா அழகர் கங்காணி அவளைக் கொழும்புக்கே கூட்டிப்போய்ப் படம் எடுத்தார். தோட்டத்தில் வேறெந்தப் பெண்ணுக்கும் வாய்க்காத பெருமையல்லவா? படத்தை ஜன்னல் கம்பியில், வெளிச்சம் விழும்படி, முருகனுக்குப் பக்கத்திலேயே மாட்டினார். பெண் பார்க்க வந்தவர்களுக்கும் பெண்ணுக்கு முன்னால் அதைத்தான் காட்டினார். அன்றைக்கென்று தோட்டத்து டிஸ்பென்சர் பாலசுப்பிரமணியம் அங்கே இருந்தார். காய்ச்சலுக்கும் கால்வலிக்கும் ஒரே மருந்தைக் கலக்கிக் கொடுத்தே 'டாக்டரய்யா' ஆனவர். கைத்தடியால் படத்தைத் தொட்டு, தொண்டையைச் செருமி, எண்ணினார். இடுப்பில் ஐந்து எலும்பு இருக்கவேண்டிய இடத்தில் ஆறு.

மாப்பிள்ளை வீட்டார் காப்பியைக் குடித்துவிட்டுத்தான் போனார்கள். அதன்பிறகு அந்த வாசலை யாரும் மிதிக்கவில்லை.

"அதான்... அந்த எலும்பை வெட்டி எடுக்க முடியுமான்னு கேக்கப் போறேன்."

அவன் சிரிக்கவில்லை. படத்தை ரயில் ஜன்னலில் பிடித்து நிதானமாகப் பார்த்தான். ஆறுதான் என்றான். இப்படிப் பிறக்கிறவர்கள் நிறைய உண்டாம். படம் எடுக்காததால் பாதிப்பேர் தெரியாமலே வாழ்ந்து முடிக்கிறார்களாம். வலிக்கு அந்த எலும்புதான் காரணமென்று சொல்லிவிட முடியாது, வலி எப்போதும் படத்தில் விழுவதுமில்லை என்றான். பிறகு கேட்டான்:

"எங்க வலிக்குது? எப்பல்லாம் வலிக்குது?"

எலும்பை எண்ணியவர்கள் எத்தனையோ பேர்... வலியைக் கேட்டவன் இவன் ஒருவன்தான். மீனாம்பாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சித்தி விழித்தால், முகத்தில் மழை அடித்தது என்று சொல்லிக்கொள்ளலாம்.

பதுளையில் பெரிய டாக்டரும் அதையே சொன்னார். கத்தி வேண்டாம், தினமும் கொஞ்சம் உடற்பயிற்சி, கூடையில் பாதிப் பாரம். வலி குறைந்தது, போய்விடவில்லை. குறையவே குறையாதது வேறொன்று... கீழே பதுளை ரயில் கூவும்போதெல்லாம் அவள் கை தளிரிலேயே நின்றுவிடும். இறங்கி வருவானா... நம்மை ஞாபகம் இருக்குமா...

மூன்று மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, சின்னராசா பெண் கேட்டு வந்தேவிட்டான். கங்காணிக்கு ஒரே நிபந்தனைதான். லயத்து வரிசை வீட்டு ஆட்கள் நாலு பேர் முன்னிலையில், எலும்பு ஐந்துதான் என்று அவன் சொல்லவேண்டும். அவசரத்தில் ஒன்றைக் கூட்டி எண்ணியிருக்கலாம் என்று பெருந்தன்மையோடு ஒப்புக்கொள்ள டிஸ்பென்சரும் தயாராக இருந்தார். அடுப்பில் கோழிக்கறி கொதித்துக்கொண்டிருந்தது.

"அஞ்சுன்னு ஒரு வார்த்தை, தம்பி. பொண்ணு உங்களுக்குத்தான்."

கதவுக்குப் பின்னால் மீனாம்பாள் தவித்தாள். சொல்லிவிடேன்... ஒரு எலும்புதானே... ஆனால் சொல்லிவிட்டால், இவனுக்கும் நான் ஒளித்துவைக்கவேண்டிய ஒன்றுதானா?

சின்னராசாவுக்கு வேர்த்தது. "மன்னிச்சுக்கங்க மாமா. ஆறுதான். அதுல மறைக்க என்ன இருக்கு?"

கங்காணி எழுந்து வாசலைக் காட்டினார். அவன் வெளியே போய்ச் செருப்பில் காலை நுழைத்தான்.

கதவு திறந்தது. ஆம்பளைகள் கூடிய இடத்துக்கு யாரும் கூப்பிடாமல் அவள் வருவது இதுதான் முதல் தடவை.

"அப்பா, அவரு எண்ணினது சரி. நான் இப்படித்தான் பொறந்தேன்." பிறகு வாசலைப் பார்த்தாள். குரல் இறங்கியது. "வலி முழுசாப் போகலைங்க. போகும்னும் சொல்லத் தெரியல. ஆனா வலிக்குதுன்னு யாருகிட்டயாவது சொல்லணும்னா... உங்ககிட்ட மட்டும்தான் சொல்லணும் போல இருக்கு. போயிராதீங்க."

கங்காணி டிஸ்பென்சரைப் பார்த்தார். டிஸ்பென்சர் அடுப்படியைப் பார்த்தார். சின்னராசா யாரையும் பார்க்கவில்லை. ஒரு காலில் செருப்போடு, மறந்துபோய், அப்படியே வீட்டுக்குள் ஏறிவந்தான்.