இருவர் உரிமை கேட்ட பொம்மை வீடு

திண்டிவனம் ரயில் நிலையத்துப் பார்சல் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் கோவிந்தம்மாள். "இது என் சாமான்" என்று பொய் சொல்லி அவரிடமிருந்து எதையும் வாங்கிப் போனவர் கிடையாது. அந்தப் பெருமையை ஊரெல்லாம் பரப்பும் பொறுப்பை அவருடைய அண்ணன் மகன் தென்னரசு தானாகவே ஏற்றிருந்தான். செல்போன் கடை வைத்திருந்தாலும் அவன் மனசெல்லாம் துப்பறிவதில்தான்.

சனிக்கிழமை காலை, விழுப்புரத்தில் பொம்மை பழுது பார்க்கும் இசைவாணி கோவிந்தம்மாள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். முகத்தில் ஈயாடவில்லை.

"காயலாங்கடையில ஒரு பழைய மர பொம்மை வீடு வாங்கினேங்க. சரி பண்ணி வீடியோ போட்டேன். சென்னையில ஒருத்தர் நல்ல வெலைக்குக் கேட்டாரு. ஒடனே ரெண்டு பேரு எங்களுதுன்னு வந்துட்டாங்க. தப்பான ஆளுகிட்ட குடுத்துட்டா எனக்குத் தூக்கமே வராதுங்க."

"என்னென்ன சரி பண்ணினே?" என்று கேட்டார் கோவிந்தம்மாள்.

"கூரை, படிக்கட்டு, ஜன்னல் கம்பி. மாடி ரூம்ல ஒரு சின்ன செவப்புக் கம்பளம் கோணலா ஒட்டியிருந்துச்சி. அதையும் பிரிச்சி செவுத்துக்கு நேரா ஒட்டிட்டேன்."

"சரி பண்றதுக்கு முன்னாடி வீடியோ எடுத்தியா?"

"இல்லீங்க. முடிச்சப்புறந்தான்."

கோவிந்தம்மாள் செருப்பை மாட்டினார். "கெளம்புடா தென்னரசு."

இசைவாணியின் பட்டறையில் உரிமை கேட்ட இருவரும் காத்திருந்தார்கள். சலவைச் சட்டை போட்ட ஆனந்தராஜ் தன் அப்பா செய்த வீடு என்று சொல்லி, பச்சைக் கூரை, வளைந்த படிக்கட்டு என்று கடகடவென்று ஒப்பித்தான். கோட்டக்குப்பத்து அப்ஸானாவும் தன் அப்பா செய்தது என்றாள்.

"எங்க அத்தா குவைத்துல இருக்கசொல்ல, எங்க வூடு மாரியே செஞ்சி அனுப்புனாரு. அங்கியே மவுத்தாயி, அங்கியே அடக்கமும் பண்ணிட்டாங்க. அவரு கபுறக்கூட நான் பாத்ததில்ல. வூட்டுக்கு வெள்ளையடிச்ச ஆளுங்க இத பழைய சாமானோட தூக்கிப் போட்டுட்டாங்க. போட்டோ எதுவும் இல்லீங்க."

தென்னரசு அத்தையின் காதைக் கடித்தான். "அந்தாளு புட்டுப் புட்டு வைக்கிறாரு அத்தே. அவருதான்."

கோவிந்தம்மாள் காதில் வாங்கவில்லை. "நல்லா உள்ள பாருங்க. ஏதாவது மாறியிருக்கா?"

"ஒண்ணுமே மாறல. அச்சு அசல் அப்படியே இருக்கு" என்றான் ஆனந்தராஜ்.

அப்ஸானா குனிந்து பார்த்தாள். மாடியறைக் கம்பளத்தைத் தொட்டாள். "இது நேரா இருக்காதுங்க. அந்த மூலையப் பாத்துக்கினு கோணலா இருக்கும்."

ஆனந்தராஜ் சிரித்தான். "கம்பளத்த யாராவது கோணலா போடுவாங்களா?"

"இசைவாணி, அதப் பிரி" என்றார் கோவிந்தம்மாள்.

கம்பளத்துக்கு அடியில் பழைய பசையின் தடம் இருந்தது. அப்ஸானா காட்டிய மூலையை நோக்கி அது சாய்ந்திருந்தது. தென்னரசு குனிந்து எட்டிப் பார்த்தான்.

"இது கம்பளம் இல்லடா, தொழுற விரிப்பு" என்றார் கோவிந்தம்மாள். "மெக்கா இருக்கிற தெசையப் பாத்து விரிக்கணும். எல்லா வீட்டுச் செவுரும் அந்தத் தெசைக்கு நேரா அமையுமா? இவங்க வீட்டுல அமையல, கோணலாத்தான் விரிப்பாங்க. அத்தாவும் அப்படியே ஒட்டினாரு. இசைவாணி தப்புன்னு நெனச்சித் திருத்தினா. தம்பிக்கு அந்தத் திருத்தின வீடுதான் தெரியும். ஏன்னா வீடியோவுல இருந்தது அது மட்டுந்தான்."

ஆனந்தராஜ் வாசலைப் பார்த்தான். அங்கே தென்னரசு மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றான்.

"சென்னைக்காரரு கேட்ட வெலைய கமெண்ட்ல பாத்தேன்... மன்னிச்சிடுங்க."

"அந்தப் பொண்ணுகிட்ட கேளு" என்றார் கோவிந்தம்மாள். ஆனந்தராஜ் அப்ஸானாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, தலை நிமிராமல் இறங்கிப் போனான்.

வாழ்நாளில் இப்படியொரு வெற்றியைப் பார்த்ததில்லை என்று தென்னரசுவுக்குத் தோன்றியது. இசைவாணி காசு வேண்டாம் என்று சொல்லி, வீட்டை அப்ஸானாவின் மடியில் வைத்தாள். அப்ஸானா ஒரு கையால் அதை அணைத்துக்கொண்டு மறுகையால் போனை எடுத்தாள்.

"அம்மா, கதவத் தொறந்து வைம்மா. அத்தா வூட்டுக்கு வர்றாரு."