நீலக் கைத்தடங்கள்

அப்பாவின் பெரியப்பா இந்த வீட்டுக்கு வந்து பத்து நாள் ஆகியிருந்தது. முப்பத்தெட்டு வருடம் பேருந்து ஓட்டியவர். மூன்றாம் மாடி வீடொன்றில் தனியாக இருந்தவர் குளியலறையில் வழுக்கி விழுந்ததும், அப்பா போய்க் கையோடு கூட்டி வந்துவிட்டார்.

அவருக்காகக் கீழ் அறை புதுப்பிக்கப்பட்டிருந்தது. வழுக்காத தரை, அகலமான கதவு. குளியலறையின் வலப்பக்கச் சுவரில் பளபளவென்று இரண்டு கைப்பிடிகள். எல்லாம் ஒரு புத்தகத்தில் இருந்த படத்தைப் பார்த்து அப்பா செய்தது. வருகிறவர்களிடமெல்லாம் காட்டிப் பெருமைப்பட்டுக்கொள்வார்.

ஆனால் நண்டு ஒரு விஷயத்தைக் கவனித்தாள். ஓரிடத்தில் நிற்காத அந்தப் பத்து வயதுக்காரிக்கு வீட்டில் வைத்த பெயர் அது. அவளுக்குப் பெரிய தாத்தாவான அவர் குனிந்து கால் கழுவிவிட்டு நிமிரும்போது, கைப்பிடியைத் தொடவே இல்லை. இடக்கையால் கைகழுவும் தொட்டியின் விளிம்பைப் பிடித்து எழுந்தார். தொட்டி கிடுகிடுவென ஆடியது.

அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொன்னாள். அப்பா கேட்டதற்கு, கைப்பிடிக்கு என்ன குறை, நன்றாகத்தான் இருக்கிறது என்று பெரிய தாத்தா செய்தித்தாளை விரித்துக்கொண்டார். மத்தியானச் சாப்பாட்டின்போது, அடுத்த வாரம் தன் வீட்டுக்கே போய்விடப் போவதாகச் சொன்னார். அப்பாவின் முகம் வாடிப்போனது.

சாப்பிட்டதும் நண்டு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“பெரிய தாத்தா, பஸ்ல டிரைவர் சீட்டை யாரு சரி பண்ணுவாங்க?”

“ஓட்டுறவன்தான். அவனவன் காலுக்கும் கைக்கும் தோதா இழுத்து வெச்சுக்கணும்.”

“அப்போ இங்க மட்டும் ஏன் அப்பா வெச்ச இடத்துலயே இருக்கணும்?”

பெரிய தாத்தா அப்பா இருந்த பக்கம் எட்டிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“எனக்கு வலது கையை நெஞ்சுக்கு மேல தூக்க முடியாது, கண்ணு. உங்கப்பன் ஆசையா செஞ்சிருக்கான். அதைப் போய்க் குறை சொல்ல மனசு வரலை.”

நண்டு பையிலிருந்து நீல நிறச் சாக்கட்டியை எடுத்து வந்தாள். அவருடைய இரண்டு உள்ளங்கைகளிலும் நன்றாகப் பூசிவிட்டாள். எப்போதும் போலக் கட்டிலிலிருந்து குளியலறைக்குப் போய் வரச் சொன்னாள். இதென்ன கூத்து என்று முணுமுணுத்தபடியே அவர் நடந்தார்.

வந்து பார்த்தால், சுவரெல்லாம் நீலக் கைகள். எல்லாமே இடது கை. கட்டிலுக்கு அருகே தாழ்வாக ஒன்று. கதவுச் சட்டத்தில் ஒன்று. தொட்டியின் விளிம்பில் இரண்டு. நடைவழியின் நடுச்சுவரில் ஒன்று. அங்கே அவர் மூச்சு வாங்க நிற்பார் என்பது அதுவரை யாருக்கும் தெரியாது.

சத்தம் கேட்டு வந்த அப்பா, தடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனார். பளபளக்கும் கைப்பிடிகளில் மட்டும் ஒரு பொட்டு நீலம் இல்லை.

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, பெரியப்பா,” என்றார்.

“அதான் உன் பொண்ணு சொல்ல வெச்சுட்டாளே.”

மறுநாள் கொத்தனார் அளவு நாடாவோடு வந்தார். சுவரைப் பார்த்ததும் நாடாவைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். இதைவிடச் சரியான அளவை எந்த இன்ஜினியரும் தந்ததில்லை என்று சிரித்தார்.

இரண்டு நாளில் வேலை முடிந்தது. பெரிய தாத்தா ஒவ்வொரு புதுக் கைப்பிடியையும் பிடித்து, முழுப் பாரத்தையும் போட்டு அசைத்துப் பார்த்தார். எதுவும் ஆடவில்லை. பிறகு தானாக நடந்து வந்து அப்பாவின் எதிரே நின்றார்.

“மூணாம் மாடியில என் பெட்டியெல்லாம் கிடக்கு. நாளைக்குப் போய் எடுத்துட்டு வந்துடு.”